மலை வீட்டில் ஓதம்: கூரையிலிருந்து தொடங்கி நீங்களே செய்யக்கூடிய வேலைகள்

குன்னூரிலோ கோத்தகிரியிலோ கொடைக்கானலிலோ பழைய வீடு வாங்கிக் குடியேறுகிறவர்கள் முதல் மழைக்காலம் முடிந்ததும் பெரும்பாலும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்திருக்கும், பெயின்ட் கொப்பளித்து உரிந்திருக்கும். கடைக்குப் போய் ‘வாட்டர் புரூஃப்’ என்று எழுதிய டப்பாவை வாங்கி வந்து அதன் மேலேயே அடிப்பார்கள். அடுத்த மழையில் அதுவும் உரியும். தண்ணீர் சுவருக்குள் வரும் வழி அப்படியே திறந்திருக்க, உள்ளே வந்த தண்ணீர் காய்ந்து வெளியேறும் வழியை மட்டும் அந்த டப்பா அடைத்துவிட்டது என்பதே காரணம்.

சுவரில் ஊறி நிற்கும் இந்த ஈரத்தை, அதாவது ஓதத்தைப் போக்கும் வேலைக்கு ஒரு வரிசை உண்டு: முதலில் கூரை, பிறகு கூரைத் தண்ணீரை வாங்கும் கட்டர், பிறகு வீட்டைச் சுற்றியுள்ள மண், அதன் பிறகு சுவர்ப் பூச்சு, கடைசியில் வெள்ளை அடிப்பது. இந்த வரிசை மாறினால் செலவு இரண்டு மடங்காகும். முதல் மூன்றையும் சரியாகச் செய்தாலே பல வீடுகளில் சுவரில் கை வைக்கத் தேவையிருக்காது.

எந்த மாதத்தில் தொடங்குவது

நீலகிரியில் இரண்டு பருவமழையும் பெய்யும், ஆனால் எல்லா ஊரிலும் ஒரே அளவில் அல்ல. கூடலூர், பந்தலூர், தேவாலா, நடுவட்டம் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. குன்னூர், கோத்தகிரி, பழனி மலையில் கொடைக்கானல் ஆகியவை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில்தான் அதிகம் நனைகின்றன. ஊட்டிக்கு இரண்டும் உண்டு. உங்கள் ஊருக்கு எந்த மழை பெரியது என்பது தெரிந்தால், எந்தச் சுவரில் தூவானம் அடிக்கும் என்பதும் தெரிந்துவிடும். கூடலூர்ப் பக்கம் மேற்கு, தென்மேற்குச் சுவர்கள். குன்னூர்ப் பக்கம் கிழக்கு, வடகிழக்குச் சுவர்கள்.

பூச்சு வேலைக்கும் பெயின்ட் வேலைக்கும் பிப்ரவரி முதல் ஏப்ரல் பாதி வரைதான் நல்ல காலம். டிசம்பர், ஜனவரியில் வெயில் பளிச்சென்று இருக்கிறதே என்று தொடங்கிவிடக் கூடாது. ஊட்டியில் காந்தல், தலைக்குந்தா போன்ற பள்ளப் பகுதிகளில் இரவில் உறைபனி விழும். 5 டிகிரிக்குக் கீழே சிமென்ட் இறுகுவது ஏறக்குறைய நின்றுபோகும். பச்சைச் சுண்ணாம்புப் பூச்சுக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்தால் பூச்சு பொடிந்து உதிரும். ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் மதியத்துக்கு மேல் இடிமழை வந்து அன்றைய வேலையைக் கழுவிக்கொண்டு போகும்.

ஒரு நாளுக்குள்ளும் கணக்கு இருக்கிறது. காலை பத்து மணிக்கு முன் சுவரிலும் தகரத்திலும் பனி ஈரம் இருக்கும். மாலை மூன்று மணிக்கு மேல் மேகம் இறங்கிவிடலாம். வெளிப்புறப் பெயின்ட் அடிப்பதை இந்த ஐந்து மணி நேரத்துக்குள் முடியுங்கள். சமவெளியில் ஒரே நாளில் இரண்டு கை, அதாவது இரண்டு பூச்சு, அடிக்கும் பெயின்டர், மலையில் ஒரு கைதான் அடிக்க முடியும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

ஓதம் மூன்று வழிகளில் வரும். மேலிருந்தோ பக்கத்திலிருந்தோ மழை ஊறி வருவது ஒன்று. மண்ணிலிருந்து சுவர் உறிஞ்சி மேலேற்றுவது இன்னொன்று. வீட்டுக்குள் இருக்கும் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் வியர்ப்பது மூன்றாவது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு என்பதால், எதையும் வாங்கும் முன் இதைப் பிரித்தறிய வேண்டும்.

தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம் வரை கறை இருந்து, அதன் மேல் விளிம்பு அலை அலையாக வெள்ளை உப்புப் பூத்திருந்தால் அது மண் ஓதம். மழை நின்ற பிறகும் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். மழை பெய்த ஓரிரு நாளில் பெரிதாகி, வெயில் அடித்ததும் சுருங்குகிற திட்டு மழைக் கசிவு. அறையின் மூலைகளில், பீரோவுக்குப் பின்னால், ஜன்னலுக்கு மேலே கறுப்புப் புள்ளிகளாகப் படர்ந்து, உப்பே பூக்காமல் இருந்தால் அது வியர்வை ஈரம்.

சந்தேகம் இருந்தால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். சமையலறை அலுமினியத் தாளை ஓர் அடிக்கு ஓர் அடி வெட்டி, சுவரின் அந்த இடத்தைத் துணியால் துடைத்துக் காயவிட்டு, நான்கு விளிம்பையும் டேப் போட்டு இடைவெளியில்லாமல் ஒட்டுங்கள். 48 மணி நேரம் கழித்துப் பாருங்கள். தாளின் அறைப் பக்கம் நீர்த்துளி இருந்தால் ஈரம் காற்றிலிருந்து வருகிறது. பிரித்துப் பார்க்கும்போது சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. இரண்டு பக்கமும் நனைந்திருப்பதும் உண்டு. மலையில் அது அரிதல்ல. அப்போது சுவர் ஈரத்தை முதலில் கவனியுங்கள், ஏனென்றால் நனைந்த சுவர் சீக்கிரம் குளிரும், குளிர்ந்த சுவர் இன்னும் அதிகமாக வியர்க்கும்.

ஓதம் அடித்த சுவரில் சுவிட்ச் பாக்ஸ் இருந்தால் வேலையைத் தொடங்கும் முன் மெயினை அணைத்துவிடுங்கள். மின்சாரம் கசிந்தால் தானாக அணைத்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் வீட்டில் இல்லையென்றால், வேறு எந்தச் செலவுக்கும் முன்னால் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை அழைத்து அதைப் போடச் சொல்லுங்கள். நனைந்த சுவரும் பழைய வயரும் சேர்ந்த இடத்தில் இது தள்ளிப்போடக்கூடிய வேலை அல்ல.

தகரக் கூரை

பழைய மலை வீடுகள் பலவற்றில் நெளி தகரக் கூரைதான். தகரம் தானாக ஓட்டையாவது குறைவு. ஆணி, போல்ட் இறங்கிய துளை, ஷீட்டும் ஷீட்டும் மேலேறும் இடம், முகட்டுத் தகரம், புகைபோக்கியைச் சுற்றிய மடிப்பு ஆகிய நான்கில்தான் ஒழுகும். தண்ணீர் ஓரிடத்தில் இறங்கிச் சட்டத்தின் வழியே ஓடி வேறிடத்தில் சொட்டும் என்பதால், சீலிங்கில் கறை தெரியும் இடத்துக்கு நேர் மேலே மட்டும் பார்க்காதீர்கள். அங்கிருந்து முகடு வரை உள்ள அத்தனை துளைகளையும் பாருங்கள்.

மழையில்லாத டிசம்பர் காலையில், வெயில் கூரையில் பட்டதும் பரவலாகச் சொட்டினால் அது ஒழுகல் அல்ல. இரவில் தகரம் குளிர்ந்து அதன் அடிப்பக்கம் வியர்த்த நீர் அது. எத்தனை சீலன்ட் பூசினாலும் நிற்காது. தகரத்துக்கும் சீலிங்குக்கும் நடுவே காற்று ஓட, இரு முனைகளிலும் கம்பி வலை போட்ட திறப்பு இருக்க வேண்டும். அங்கே பழைய துணியோ சாக்கோ அடைத்திருந்தால் முதலில் அதை எடுங்கள்.

மேலே ஏறும்போது ஏணியின் உயரம் நான்கு பங்கு என்றால் அடி சுவரிலிருந்து ஒரு பங்கு தள்ளியிருக்கட்டும். தகரத்தில் வெறும் காலை நேரடியாக வைக்காமல், இரண்டு சட்டங்களின் மேல் படும்படி நீளமான பலகையைக் கட்டி அதன் மேல் நடங்கள். பாசி பிடித்த தகரம் ஈரமாக இருந்தால் அன்று ஏறவே வேண்டாம். கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் இந்தப் பகுதி உங்களுக்கு அல்ல. அது காலடியில் உடையும். துளையிட்டாலோ, அறுத்தாலோ, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாலோ நுரையீரலுக்குக் கேடான இழை பறக்கும்.

துளை ஒழுகலைச் சரிசெய்யும் முறை:

1. பழைய ஜே ஹூக்கையோ (தகரத்தைச் சட்டத்தோடு பிடிக்கும் கொக்கி போல்ட்) ஆணியையோ ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். மொத்தமாகக் கழற்றினால் காற்றுக்கு ஷீட் தூக்கிவிடும். தார் வாஷர்கள் காய்ந்து வெடித்திருப்பதே பெரும்பாலும் ஒழுகலுக்குக் காரணம்.

2. துளையைச் சுற்றியுள்ள துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, ஒரு கை துரு தடுப்பு பிரைமர் வையுங்கள்.

3. ரப்பர் வாஷர் கோத்த கூரை ஸ்குருவைப் போடுங்கள். மரச் சட்டமானால் மரத்துக்கான 65 மி.மீ. நீளம், இரும்புச் சட்டமானால் இரும்பைத் தானே துளைக்கும் முனையுள்ளது. ஸ்குரு நெளியின் மேட்டில்தான் இறங்க வேண்டும். பள்ளத்தில் போட்டால் மழை முழுவதும் அந்தத் துளையின் மேல்தான் ஓடும்.

4. வாஷர் லேசாக அமுங்கி விரிந்ததும் நிறுத்துங்கள். இன்னும் திருகினால் ரப்பர் பிதுங்கிக் கிழியும், மேடு அமுங்கிக் குழியாகி அதில் தண்ணீர் நிற்கும். டிரில் மெஷினில் வேகத்தைக் குறைத்து வைப்பது நல்லது.

5. பழைய துளை பெரிதாகிவிட்டிருந்தால் பெரிய வாஷருள்ள ஸ்குருவைப் போடுங்கள். அதுவும் மூடாவிட்டால் புதிய ஸ்குருவைப் பக்கத்து மேட்டில் இறக்கி, பழைய துளையை அலுமினியம் பூசிய பியூட்டைல் டேப்பால் (ஒட்டும் ரப்பர் டேப்) மூடுங்கள். டேப் துளையைச் சுற்றி எல்லாப் பக்கமும் 7 செ.மீ.யாவது படிய வேண்டும்.

சிலிகான் சீலன்ட் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. வினிகர் வாடை அடிக்கிற வகை துத்தநாகப் பூச்சை அரிக்கும். ‘நியூட்ரல்’ என்று எழுதிய வகையைக் கேட்டு வாங்குங்கள். முழுக் கூரைக்கும் தார் பூசிவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. தார் வெயிலில் வெடிக்கும், வெடிப்பில் புகுந்த தண்ணீர் அடியில் தங்கித் தகரத்தை அரிக்கும், பிறகு எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

ஷீட் மாற்ற வேண்டியிருந்தால் மேல் ஷீட் கீழ் ஷீட்டின் மேல் குறைந்தது 15 செ.மீ. ஏறியிருக்கட்டும், சாய்வு குறைவான கூரையில் 20 முதல் 25 செ.மீ. பக்கவாட்டில் ஒன்றரை நெளி ஏற வேண்டும். பக்கத்து மேலேற்றின் திறந்த விளிம்பு உங்கள் ஊரில் மழைக்காற்று வரும் திசைக்கு எதிர்ப்புறம் பார்க்க வேண்டும். இதைக் கவனிக்காமல் போட்ட புதுக் கூரையும் முதல் காற்றுமழையில் ஒழுகும்.

தகரத்துக்குப் பெயின்ட் அடிப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சாதாரண எனாமலைத் துத்தநாகத் தகரத்தில் நேரடியாக அடித்தால், எண்ணெயும் துத்தநாகமும் வினைபுரிந்து நடுவே சோப்புப் போன்ற ஒரு படலம் உண்டாகிப் பெயின்ட் தோலாக உரிந்துவிடும். துரு ஏறிய இடங்களுக்கு ரெட் ஆக்ஸைடு பிரைமரும், துத்தநாகம் பளபளக்கும் இடங்களுக்கு ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) தகரத்துக்கென்று விற்கும் பிரைமரும் வையுங்கள். அதன் பிறகே பெயின்ட்.

கட்டர்

1 சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை விழுந்தால் 1 லிட்டர் தண்ணீர். 100 சதுர மீட்டர் கூரையில் மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் ஒரு மணி நேரம் பெய்தால் 10,000 லிட்டர். கட்டர் இல்லாத வீட்டில் அத்தனையும் அஸ்திவாரத்தின் ஓரத்தில் கொட்டிச் சுவரில் தெறிக்கும். பல வீடுகளில் மண் ஓதம் என்று நினைப்பது இந்தத் தெறிப்புத்தான்.

15 செ.மீ. அகலமுள்ள அரைவட்டக் கட்டர் போதும். 3 மீட்டர் நீளத்துக்கு 1.5 செ.மீ. வாட்டம் வைத்து, தாங்கிகளை 60 செ.மீ.க்கு ஒன்றாக அடியுங்கள். சமவெளியில் ஒரு மீட்டர் இடைவெளி வைப்பவர்கள் உண்டு. இங்கே குரங்குகள் கட்டரில் தொங்கும், நெருக்கம் தேவை. வாட்டத்தைக் கண்ணால் மட்டம் பார்க்காமல் டியூப் லெவலால் (தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய்) குறித்து, இரு முனைக்கும் நூல் கட்டிக்கொள்ளுங்கள். சரிவான நிலத்தில் நின்று பார்க்கும்போது கண் ஏமாற்றும்.

இறங்கு குழாய் 110 மி.மீ. பி.வி.சி., ஏறக்குறைய 50 சதுர மீட்டர் கூரைக்கு ஒன்று. சைப்ரஸ், சில்வர் ஓக், யூகலிப்டஸ் மரங்கள் பக்கத்தில் இருந்தால் இலை அடைக்கும். கட்டர் முழுவதையும் வலையால் மூடினால் இலை வலையின் மேல் பாய் விரித்துத் தண்ணீரை வெளியே தள்ளிவிடும். குழாய் வாயில் மட்டும் கோழி வலையைப் பந்தாகச் சுருட்டி வைத்து, மழைக்கு முன் ஒரு முறையும் மழைக்காலத்தில் மாதம் ஒரு முறையும் கையால் அள்ளுவதே நடைமுறையில் நிற்கிறது.

குழாயின் கீழ் முனை சுவரோரம் முடியக் கூடாது. அதை எங்கே கொண்டு விடுவது என்பதைக் கீழே பார்ப்போம், ஏனென்றால் மலையில் அது உங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டும் அல்ல.

கூரை கான்கிரீட் தளமாக இருந்தால்

வெடிப்பை 1 செ.மீ. அகலம், 1 செ.மீ. ஆழத்துக்கு ‘வி’ வடிவில் உளியால் திறந்து, தூசியை ஊதி, நனைத்து, அக்ரிலிக் அல்லது எஸ்.பி.ஆர். பால் (செயற்கை ரப்பர் பால்) சேர்த்த சிமென்ட் கலவையால் அடையுங்கள். தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில் 5 செ.மீ.க்குச் சாய்வாகப் பூசி மூலையை மழுக்குங்கள். பெரும்பாலான தளங்கள் அந்த மூலையில்தான் ஒழுகுகின்றன. பிறகு இரண்டு பகுதிகளாக வந்து கலந்து அடிக்கும் சிமென்ட் வாட்டர் புரூஃபிங் பூச்சை இரண்டு கை, குறுக்கும் நெடுக்குமாக அடியுங்கள். முதல் கை ஈரமாக இருக்கும்போதே மூலையிலும் வெடிப்பின் மேலும் ஃபைபர் வலையைப் படிய வைக்க வேண்டும். மேகம் இறங்கிய நாளில் முதல் கை காய, டப்பாவில் எழுதியதைவிட இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். விரலால் தொட்டுப் பார்த்துத்தான் அடுத்ததைத் தொடங்க வேண்டும்.

முடித்து ஒரு வாரம் கழித்து 2.5 செ.மீ. உயரம் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் வைத்துப் பாருங்கள். அந்த உயரத்துக்கு ஒரு சதுர மீட்டரில் 25 கிலோ எடை ஏறும். கம்பி தெரிகிற, அடிப்பூச்சு உதிர்கிற பழைய தளத்தில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது, பொறியாளரை அழையுங்கள்.

வீட்டைச் சுற்றியுள்ள மண்

மலை வீட்டுக்கு ஒரு பக்கம் எப்போதும் மேடு. மேட்டில் பெய்த மழை மண்ணுக்குள் இறங்கி, சரிவின் வழியே நகர்ந்து, உங்கள் வீட்டின் பின்சுவரில் வந்து நிற்கும். அந்தச் சுவரில்தான் ஓதம் அதிகம். பின்னறையை ஸ்டோர் ரூமாக விட்டுவிடுகிறவர்கள் பலர். அந்த அறையை மீட்கலாம்.

முதல் வேலை மண்வெட்டி வேலை. வருடக்கணக்கில் மேட்டு மண் சரிந்து, பூச்செடிக்குக் கொட்டிய மண் சேர்ந்து, வெளித்தரை வீட்டுத் தளத்தைவிட உயர்ந்திருக்கும். வெளி மண் உள் தளத்தைவிடக் குறைந்தது 15 செ.மீ. கீழே இருக்கும்படி வெட்டி எடுங்கள். சுவரிலிருந்து வெளிநோக்கி மீட்டருக்கு 5 செ.மீ. வாட்டம் கொடுங்கள். பழைய பங்களாவில் மரத்தரை இருந்தால் அடிச்சுவரில் சிறு காற்றுத் துளைகள் இருக்கும். பாம்பு வரும், குளிர் வரும் என்று அவற்றைச் சிமென்ட் போட்டு அடைத்திருப்பார்கள். திறந்து கம்பி வலை வையுங்கள், இல்லாவிட்டால் தரையின் அடிச்சட்டம் உளுத்துப்போகும்.

அதுவும் போதாவிட்டால் மேட்டுப் பக்கம் ஒரு வடிகால் வெட்ட வேண்டும்:

1. சுவரிலிருந்து குறைந்தது 1 மீட்டர் தள்ளி, 30 செ.மீ. அகலம், 45 முதல் 60 செ.மீ. ஆழத்துக்கு வாய்க்கால் தோண்டுங்கள். அஸ்திவாரத்தின் அடியைவிட ஆழமாகப் போகக் கூடாது. பழைய வீடுகளின் அஸ்திவாரம் நீங்கள் நினைப்பதைவிட மேலேயே நின்றுவிடும். ஓரிடத்தில் தோண்டிப் பார்த்து உறுதிசெய்துகொண்டு தொடங்குங்கள்.

2. அடிமட்டத்துக்கு 10 மீட்டருக்கு 10 செ.மீ. வாட்டம் கொடுங்கள்.

3. தண்ணீரை விட்டு மண்ணை மட்டும் தடுக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணியை வாய்க்காலில் விரித்து, இரு பக்கமும் 40 செ.மீ. வெளியே தொங்க விடுங்கள். இது இல்லாமல் போட்ட வடிகால் சில மழையில் சேற்றால் அடைந்துவிடும்.

4. 5 செ.மீ.க்கு 20 மி.மீ. ஜல்லி பரப்பி, அதன் மேல் துளையிட்ட 110 மி.மீ. குழாயை வையுங்கள். துளைகள் கீழ்ப்பக்கம் பார்க்க வேண்டும். அடியிலிருந்து ஏறும் தண்ணீர்தான் முதலில் குழாய்க்குள் போக வேண்டும் என்பதற்காக அப்படி.

5. மேலே 10 செ.மீ. விட்டு ஜல்லியால் நிரப்பி, துணியை மடித்து மூடி, மண் போடுங்கள். 10 மீட்டர் வடிகாலுக்கு 50 செ.மீ. ஆழமானால் ஏறக்குறைய 1.2 கன மீட்டர், அதாவது 40 கன அடிக்குச் சற்று மேல் ஜல்லி தேவைப்படும்.

இந்த வடிகாலின் தண்ணீரையும் கூரைத் தண்ணீரையும் எங்கே விடுவது? கீழ்ச்சரிவில் திறந்துவிட்டால் அது அடுத்த வீட்டின் தடுப்புச் சுவருக்குப் பின்னால் போய்த் தேங்கும். நனைந்த மண்ணின் எடையும் தண்ணீரின் அழுத்தமும் சேர்ந்துதான் தடுப்புச் சுவர்களைத் தள்ளுகின்றன. 2009 நவம்பரில் நீலகிரியில் பல இடங்களில் மண் சரிந்து உயிர்கள் போனதை இந்த மலையில் யாரும் மறக்கவில்லை. மூடிய குழாயிலேயே தெருச் சாக்கடை வரையோ ஓடை வரையோ கொண்டு போங்கள். குழாய்க்கு ஆகும் செலவைச் சேமிக்க நினைக்கக் கூடாத இடம் இது.

உங்கள் தடுப்புச் சுவரின் நீர்க்கசிவுத் துளைகளையும் பாருங்கள். மழையின்போது அவற்றில் தண்ணீர் வந்தால் சுவர் நலமாக இருக்கிறது. பெருமழையிலும் காய்ந்திருந்தால் பெரும்பாலும் அடைத்திருக்கும். கம்பியை விட்டுக் குத்தித் திறங்கள். சுவர் வயிறு தள்ளியிருந்தாலோ, மேலே மண்ணில் நீளவாக்கில் பிளவு தெரிந்தாலோ மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பொறியாளரை அழையுங்கள். சரிவை வெட்டுவதும் ஜே.சி.பி. வரவழைப்பதும் நீலகிரியில் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் செய்யக்கூடியவை அல்ல. அந்தக் கட்டுப்பாடு தேவையானது.

சுவர்

மேலே சொன்னவற்றை முடித்து ஒரு மழைக்காலம் பார்த்த பிறகு சுவருக்கு வாருங்கள். பழைய வீடு என்றால் முதலில் சுவர் எதனால் கட்டியது என்று தெரிய வேண்டும். ஒரு மூலையில் பூச்சைக் கொத்திப் பாருங்கள். கல்லுக்கோ செங்கலுக்கோ நடுவே சிவப்பு மண் இருந்து, ஆணியால் கீறினால் உதிர்ந்தால் அது மண் சாந்துச் சுவர். வெள்ளையாக இருந்தால் சுண்ணாம்புச் சாந்து. இந்த இரண்டு வகைச் சுவரும் மழையில் கொஞ்சம் ஈரம் வாங்கி வெயிலில் விட்டுவிடும். அவற்றின் மேல் சிமென்ட் பூச்சும், வால் புட்டியும், எமல்ஷனும் ஏற்றினால் வாங்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கி, மண் சாந்தைக் கரைத்து, ஒரு நாள் பூச்சு பலகையாகப் பெயர்ந்து விழும்.

சிமென்ட் சாந்தால் கட்டிய புது வீட்டுக்கு இந்தப் பகுதி பொருந்தாது. அங்கே ஒரு பங்கு சிமென்டுக்கு நான்கு பங்கு மணல் (1:4) கலந்த பூச்சே போதும், பத்து நாள் சணல் சாக்கு கட்டி நனையுங்கள், 28 நாள் கழித்துப் பெயின்ட்.

மண் சாந்து, சுண்ணாம்புச் சாந்துச் சுவருக்கு:

ஓதக் கோட்டுக்கு மேல் 30 செ.மீ. வரை பழைய சிமென்ட் பூச்சைக் கொத்தி எடுங்கள். பலமாக அடிக்காமல், தட்டிப் பார்த்து உள்ளே வெற்றிடம் இருப்பது போன்ற சத்தம் கேட்கும் இடத்திலிருந்து தொடங்கினால் தானாகப் பெயரும். உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, கீழே தாள் விரித்து அள்ளி வெளியே போடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்தான் போகும்.

இனி காத்திருக்கும் வேலை. சுவர் ஒரு மாதத்தில் ஏறக்குறைய 2.5 செ.மீ. கனம் காயும் என்பது பொதுக் கணக்கு. 45 செ.மீ. கல் சுவர் முழுவதும் காய ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம். அதுவரை காத்திருக்க முடியாதுதான்; ஆனால் குறைந்தது இரண்டு, மூன்று மாதம் ஜன்னலைத் திறந்து வைத்துக் காய விடுங்கள். இந்த இடைவெளியை விட்டுக்கொடுக்கிறவர்கள்தான் அதிகம், அதனால்தான் பூச்சும் அதிகம் உரிகிறது.

அந்த நேரத்தில் சுண்ணாம்பை நீற்றிக்கொள்ளுங்கள். பாதியாக வெட்டிய இரும்பு டிரம்மில் முதலில் தண்ணீர், பிறகு சுட்ட சுண்ணாம்புக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக. மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் முழங்கை வரை கையுறையும் கட்டாயம். பிளாஸ்டிக் பக்கெட் உருகிவிடும். கட்டியில்லாமல் கிளறி, கம்பிச் சல்லடையில் வடித்து, மேலே இரண்டு விரற்கடை தண்ணீர் நிற்கும்படி மூடி வைத்து இரண்டு வாரமாவது ஊற விடுங்கள். நாள் கூடக் கூடக் குழம்பு நயமாகும். குழந்தைகளும் நாய்களும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்புக் குழம்பு, மூன்று பங்கு சலித்த மணல். 10 சதுர மீட்டர் சுவருக்கு 12 மி.மீ. கனம் பூச, மேடுபள்ளமும் சேதமும் சேர்த்து ஏறக்குறைய 5 கன அடி மணலும் 50 லிட்டர் குழம்பும் வேண்டும். தண்ணீர் கூடுதலாக ஊற்றாமல் மிதித்தோ அடித்தோ பதப்படுத்துங்கள். தண்ணீர் அதிகமான கலவை காயும்போது சுருங்கி வெடிக்கும். சுவரை முந்தின இரவும் பூசும் முன்னும் நனைத்து, 10 மி.மீ.க்கு மேல் போகாமல் ஒரு கை பூசி, கீறிவிட்டு, ஒரு வாரம் முதல் பத்து நாள் கழித்து அடுத்த கை. சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகும். நேர் வெயில் பட்டால் சாக்கு தொங்கவிடுங்கள். அதற்காக பிளாஸ்டிக் போட்டு மூடிவிடாதீர்கள்.

மேலே சுண்ணாம்பு வெள்ளைதான் சிறந்தது. குழம்பைத் தண்ணீர் விட்டுப் பால் பதத்துக்குக் கரைத்து, சுவரை நனைத்துவிட்டு, ஒரு நாள் இடைவெளியில் நான்கு கை. அடிக்கும்போது கண்ணாடியாகத் தெரியும், காய்ந்ததும் வெளுக்கும். முதல் கையே வெள்ளையாகத் தெரியும் அளவுக்குக் கெட்டியாக அடித்தால் தொட்ட கையில் ஒட்டிக்கொண்டு உதிரும். பழைய எமல்ஷன் மேல் இது பிடிக்காது. சுரண்டி எடுத்தே ஆக வேண்டும்.

பூஞ்சணமும் உள் ஈரமும்

என்-95 மாஸ்க் போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, காயவிடுங்கள். காய்ந்தபடி தேய்த்தால் வித்துகள் வீடெங்கும் பறக்கும். டைல்ஸ் போன்ற வழுவழுப்பான இடத்தில் பிளீச் பயன்படுத்தலாம். அதோடு ஆசிட்டோ டாய்லெட் கிளீனரோ கலந்தால் குளோரின் வாயு எழும்பும், மூடிய குளியலறையில் அது உயிருக்கு ஆபத்து.

சமைக்கும்போதும் குளித்த பிறகும் ஜன்னலைத் திறப்பது, அறைக்குள் துணி காயப்போடுவதைத் தவிர்ப்பது, பீரோவை வெளிச்சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி வைப்பது ஆகிய மூன்றும் எந்தப் பெயின்ட்டையும்விட அதிகம் உதவும். அறையைக் காய வைக்கிறேன் என்று மூடிய அறையில் கரி அடுப்பு வைப்பது ஒருபோதும் கூடாது. வாடையில்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே கொன்றுவிடும். மலையில் குளிர்காலத்தில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன.

முதல் மழை வந்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு சீலிங்குக்கு மேலும் பின்சுவரிலும் பாருங்கள். ஈரம் தெரிந்தால் அதன் விளிம்பைப் பென்சிலால் வரைந்து தேதி எழுதிவையுங்கள். இரண்டாவது, மூன்றாவது மழைக்கும் அப்படியே. கோடு வெளியே நகர்ந்தால் கூரைக்கும் கட்டருக்கும் திரும்பிப் போக வேண்டும். உள்ளே சுருங்கினால் சுவர் காய்ந்துகொண்டிருக்கிறது, அடுத்த பிப்ரவரி வரை அதைத் தொட வேண்டாம்.